வேலையில் சேர்ந்த தேதி

வங்கிக் கடனில் வாங்கிய எருமைக்குக் காதில் ஒரு வில்லை குத்துவார்கள். வில்லையில் எண் இருக்கும். எருமை செத்துப்போனால் அந்தக் காதை வில்லையோடு அறுத்துக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அப்போதுதான் காப்பீட்டுப் பணம் வரும். 1991இல் கோலார் பக்கத்துக் கிராமக் கிளை ஒன்றில் நான் அதிகாரியாக இருந்தேன். உப்பில் புரட்டிய காதுகள் செய்தித்தாளில் சுற்றி என் மேசைமேல் வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றுக்கு முறைப்படி ரசீது எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எருமைக்கும் தையல் இயந்திரத்துக்கும் கிணற்று மோட்டாருக்கும் வாரி வழங்கிய நாங்கள் அந்த நாட்களில் படிப்புக்குக் கடன் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. விதிப் புத்தகத்தில் எங்கோ ஒரு மூலையில் அதற்கும் இடம் இருந்தது. கேட்டு வந்தவர்களை ‘பார்க்கலாம்’ என்று சொல்லி அனுப்பிவிடுவோம். எருமை மறுநாளே பால் கறக்கும், பிள்ளை எப்போது கறக்கும் என்பது அன்றைய என் மேலதிகாரியின் வாதம்.

பத்து ஆண்டுகளில் வங்கி மனம் மாறியது. பெங்களூரைச் சுற்றிக் கேழ்வரகு விளைந்த நிலங்களில் பொறியியல் கல்லூரிகள் முளைத்திருந்தன. கட்டடம் முடிவதற்கு முன்பே வாசல் வளைவு முடிந்துவிடும். கல்லூரி கட்டணத்தை உயர்த்தும். நாங்கள் கடன் வரம்பை உயர்த்துவோம். அதைப் பார்த்து கல்லூரி மறுபடியும் உயர்த்தும். கல்லூரியின் ஆண்டு விழாவில் கிளை மேலாளருக்கு முன்வரிசையில் நாற்காலியும் ஒரு சால்வையும் உண்டு. எனக்கு அப்படி ஐந்து சால்வைகள் கிடைத்தன. ஒன்றையும் போர்த்திக்கொள்ள முடியாது, உடம்பெல்லாம் அரிக்கும். பணத்தைப் பொறுத்தவரை, அது மாணவர் கையில் ஒரு நிமிடம்கூடத் தங்காது. கல்லூரியின் பெயருக்கே டிராஃப்ட் எடுத்துக் கொடுத்துவிடுவோம். கடன் மட்டும் மாணவரின் பெயரில் இருக்கும்.

என் மகனின் படிப்பை என் சம்பளத்திலேயே முடித்திருந்தேன். ஆகையால் கடன் வாங்கிப் படிப்பவர்களைப் பற்றி எனக்கு மிகத் தெளிவான கருத்துகள் இருந்தன. அல்சூரில் எங்கள் உறவுக்காரர் வீட்டு விசேஷங்களில் அவற்றைச் சாப்பாட்டுக்கு முன்பும் பின்பும் எடுத்துச் சொல்வேன். அரசாங்க உத்தியோகத்தில் இரண்டு தலைமுறை உட்கார்ந்து சாப்பிட்ட குடும்பங்கள் அவை. ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொள்வார்கள்.

2004இல் நான் பிரேசர் டவுனில் ஒரு கிளையின் மேலாளர். அந்த ஆண்டு மழைக்காலத்தில் கோலார் தங்கவயலிலிருந்து ஓர் அப்பாவும் மகளும் வந்தார்கள். அப்பா சுரங்கத்தில் இருபத்தெட்டு வருடம் இறங்கி ஏறியவர். சுரங்கத்தை மூடியபோது கிடைத்த தொகையில் மூத்த மகளின் கல்யாணம் போக மிச்சத்தை வைத்திருந்தார். பாறைத் தூசி அவருடைய நெஞ்சில் தங்கிவிட்டது. ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில்தான் சொல்வார். இளையவளுக்குக் கிளைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பிரிவில் இடம் கிடைத்திருந்தது. லிங்கராஜபுரத்தில் சித்தி வீட்டில் தங்கிப் படிப்பதாக ஏற்பாடு.

பதினெட்டு வயதுப் பெண் பன்னிரண்டு தாள்களில் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு தாளையும் படித்துவிட்டுத்தான் போட்டாள் என்பதால் எனக்குச் சற்று எரிச்சலாக இருந்தது. உடன் கடனாளியாக அப்பாவும் போட்டார்.

“கீழ ஆறாயிரம் அடியில வேல செஞ்சிருக்கறேன் சார். அங்க இறங்கறதுக்குக்கூட இவ்ளோ பேப்பர் இல்ல” என்றார்.

“அங்கே இறங்கினால் சாயங்காலம் ஏறிவிடலாம்” என்றேன். அவர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

நான்கு லட்சம் வரை படிப்புக் கடனுக்கு எந்த ஈடும் கேட்கக் கூடாது என்பது விதி. நாங்கள் கேட்கமாட்டோம். ‘மிச்சப் பணத்தை எங்கே போட்டிருக்கிறீர்கள்?’ என்று குடும்ப நலம் விசாரிப்பது போல விசாரிப்போம். தபால் நிலையம் என்று சொல்வார்கள். ‘இங்கேயே போட்டால் எங்களுக்கும் கடன் கொடுக்க ஒரு தைரியம்’ என்போம். நான் அதைத்தான் சொன்னேன். அடுத்த வாரமே அவர் ஒன்றரை லட்சத்தை எங்கள் கிளையில் வைப்புத் தொகையாகப் போட்டார். அதன் மாத வட்டி அவருடைய மருந்துச் செலவுக்கு. ரசீதின் பின்புறம் சிவப்பு மையில் ஒரு முத்திரை வைத்தோம்: கடன் தீரும்வரை எடுக்க முடியாது, கடன் தவறினால் வங்கி எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இருந்த அந்த முத்திரைக்கு அவர் கேட்காமலே கையெழுத்துப் போட்டார். மகள் அப்போது கல்லூரியில் இருந்தாள். இருந்திருந்தால் படித்திருப்பாள்.

திருப்பிக் கட்டும் விதியும் எளிமையானது. படிப்பு முடிந்து ஓராண்டு, அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், இதில் எது முன்னால் வருகிறதோ அன்று தவணை தொடங்கும். ‘எது முன்னால் வருகிறதோ’ என்ற அந்தச் சொற்களை எழுதியவர் நிச்சயம் மாதச் சம்பளக்காரர். வேலை என்பது மழை மாதிரி ஒரு நாள் வந்துவிடும் என்று நம்பியவர்.

2007 முடிவில் ஒரு திங்கட்கிழமை அப்பா மட்டும் வந்தார். கையில் ஒரு கிலோ மைசூர் பாகு, ஒரு கவர்.

“பாப்பாக்கு வேல வந்துடுச்சி சார். காலேஜுக்கே வந்து எடுத்துக்கினாங்க. மொத மொத உங்களுக்குத்தான் காட்டணும்னு சொன்னேன். நீங்க குடுத்த கடன்தான?”

இது எங்கள் கிளையில் ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. தங்கவயல்காரர்கள், லிங்கராஜபுரத்துக்காரர்கள், கடன் வாங்கிப் படித்த வீட்டுப் பெற்றோர்கள் எல்லோரும், பிள்ளைக்கு வேலைக் கடிதம் வந்ததும் அதன் நகலையும் இனிப்பையும் எடுத்துக்கொண்டு வங்கிக்கு வருவார்கள். கோயிலுக்கு அடுத்தபடியாக வங்கி. கடன் கொடுத்தவனுக்கு நன்றி சொல்வது அவர்களுக்கு மரியாதை. அந்த நகலை நாங்கள் என்ன செய்வோம் என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை.

கோப்பில் வைப்போம். கோப்பில் வைத்தால் அது ஆவணம்.

கடிதத்தில் 2008 ஜூன் மாதம் சேர வேண்டியிருக்கும் என்று இருந்தது. ‘இருக்கும்’ என்ற சொல்லைக் கவனிக்காத அளவுக்கு நான் மடையன் அல்ல. வேலை கிடைத்த தேதியைப் பதிய வேண்டுமானால் வேலையில் சேர்ந்ததற்கான கடிதம் வேண்டும். புதிதாக வந்த குமாஸ்தாக்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். ஆனால் அந்த வாரம் வட்டார அலுவலகம் ஒரு பட்டியல் கேட்டிருந்தது: படிப்புக் கடன் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு வேலை உறுதியாகியிருக்கிறது? எங்கள் கிளையின் எண்ணிக்கை கொஞ்சம் இளைத்திருந்தது. கம்ப்யூட்டரில் ‘வேலை கிடைத்த தேதி’ என்ற கட்டத்தில் 2008 ஜூன் என்று நானே பதிந்தேன். மைசூர் பாகு நன்றாக இருந்தது. வாயில் வைத்ததும் கரைந்தது.

2008இல் அவள் படிப்பை முடித்தாள். ஜூன் வந்தது, வேலை வரவில்லை. நிறுவனம் இன்னொரு கடிதம் அனுப்பியது: உலகப் பொருளாதாரச் சூழல் காரணமாகச் சேரும் தேதி தள்ளிவைக்கப்படுகிறது, பொறுமைக்கு நன்றி. எட்டு மாடிக் கண்ணாடிக் கட்டடம் வைத்திருந்தவர்கள், இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் பொறுமையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கம்ப்யூட்டருக்கு அந்தக் கடிதம் போகவில்லை. அது ஜூனிலிருந்து ஆறு மாதம் எண்ணி டிசம்பரில் தவணையைத் தொடங்கியது. மாதம் எட்டாயிரத்துச் சொச்சம். அவள் லிங்கராஜபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் பகுதிநேரமாகப் பிள்ளைகளுக்குத் தட்டச்சும் கணக்கு மென்பொருளும் சொல்லிக்கொடுத்து மூவாயிரம் சம்பாதித்துக்கொண்டிருந்தாள்.

நோட்டீஸ் தங்கவயல் முகவரிக்குப் போனது. ஜனவரியில் அப்பா வந்தார், இனிப்பில்லாமல்.

“புள்ள இன்னும் வேலைக்கே போவல சார்.”

“கடிதம் கொண்டுவந்தீர்களே.”

“அது வரும்னு சொன்ன லெட்டர் சார். வந்த லெட்டர் இல்ல.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சுரங்கத்தில் வேலை பார்த்தவருக்கு அழைப்புக்கும் வேலைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருந்தது. நான் ‘எது முன்னால் வருகிறதோ’ என்ற விதியை அவருக்கு நிதானமாக விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டு, மாத வட்டியை வாங்கிக்கொண்டு, ரயிலுக்குப் போய்விட்டார். மகளிடம் நோட்டீஸைப் பற்றிச் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது.

மார்ச் மாதம் வங்கிகளுக்கு வேறு புத்தி வரும். மூன்று மாதம் தவணை வராத கடனை வாராக்கடன் என்று எழுத வேண்டும். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி அந்தப் பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் விரும்புவார்கள். வாராக்கடன் உள்ளவர்களின் வைப்புத் தொகையில் சிவப்பு முத்திரை இருக்கிறதா என்று தேடுவோம். இருந்தால் உடைத்து, கடனில் வரவு வைத்துவிடுவோம். இந்தக் கணக்கின் எண்ணும் அந்த ஆண்டுப் பட்டியலில் இருந்தது. மொத்தக் கடனையும் உடனே திருப்பிக் கேட்டு, ஒன்றரை லட்சத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று குறிப்பு. நெஞ்சுத் தூசிக்கான மருந்துப் பணம் அதோடு முடிந்துவிடும்.

மார்ச் இருபதாம் தேதிவாக்கில் மகளே வந்தாள். இரண்டாவது நோட்டீஸ், தங்கவயல் வீட்டில் அப்பாவின் தலையணை உறைக்குள் அவளுக்கு அகப்பட்டிருக்கிறது. மடிப்புக் கலையாத ஒரு சுடிதார், தோளில் துணிப்பை. நாற்காலியில் உட்காரச் சொல்ல மறந்துவிட்டேன். அவளாகவே உட்கார்ந்தாள்.

“சார், ஒரே ஒரு டவுட்டு. நான் வேலையில சேர்ந்த தேதி இன்னான்னு உங்க ஃபைல்ல இருக்குதா?”

“2008 ஜூன்.”

“அது கம்ப்யூட்டர்ல சார். ஃபைல்ல கேக்கறேன். சேர்ந்ததுக்குக் கம்பெனி குடுத்த லெட்டர்.”

கோப்பைப் புரட்டினேன். அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

“உன் அப்பா கொண்டுவந்த கடிதம் இருக்கிறது.”

“அப்பா ஸ்வீட் குடுக்க வந்தாரு சார். சாட்சி சொல்ல வரல.”

அடுத்த மேசையிலிருந்த உதவி மேலாளர் அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அல்சூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவருடையது. தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார். இரண்டிலும் யாரையும் விட்டுவைக்கமாட்டார்.

பெண் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். இரண்டே பத்தி: அந்த நிறுவனத்தில் நான் இன்றுவரை வேலையில் சேரவில்லை. ஆகவே விதிப்படி என் தவணை படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு, 2009 ஜூனில் தொடங்க வேண்டும். சேர்ந்ததாக எந்த ஆவணத்தின் அடிப்படையில் பதிந்தீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும். கீழே, நகல்: வங்கிக் குறைதீர்ப்பாளர்.

விண்ணப்பத்தில் நாங்களே அச்சடித்துக் கொடுத்த விதியைத்தான் அவள் எழுதியிருந்தாள். நாங்கள் அச்சடிப்பதை யாராவது படிப்பார்கள் என்று வங்கி எதிர்பார்ப்பதில்லை.

“கட்டமாட்டேன்னு சொல்லல சார்” என்றாள். “கட்டறேன். ஏழு வருசம் கட்டணும்னா கட்டறேன். அப்பா துட்ட மட்டும் தொடாதீங்க.”

அவள் போனதும் வட்டார அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். அங்கே இருந்தவர் என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னைவிட இரண்டு படி மேலே இருந்தவர்.

“சார், நீங்க சீனியரு. உங்களுக்குத் தெரியாததா? முப்பத்தொண்ணாம் தேதி அட்ஜஸ்ட் பண்ணிடுங்க. அப்புறம் தப்புன்னு ஆச்சுன்னா ஏப்ரல்ல திருப்பிப் போட்டுக்கலாம்.”

“இடையில் உடைத்த வைப்புக்கு வட்டி குறையுமே.”

“அது கஸ்டமர் லாஸ்தானே சார். நம்ம லாஸ் இல்லையே.”

முப்பத்தேழு வருடம் இந்த மொழியை நானும் பேசியிருக்கிறேன். வேறொருவர் வாயிலிருந்து வரும்போதுதான் அதன் உச்சரிப்பு காதில் விழுகிறது.

தேதியைத் திருத்த எனக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் ஏன் திருத்தினேன் என்று எழுத வேண்டும். எழுதினால், ஆவணம் இல்லாமல் பதிந்தவன் நான்தான் என்று என் கையெழுத்தாலேயே சொல்லியாக வேண்டும். ஜூன் கடைசியில் எனக்கு ஓய்வு. ஓய்வுக்கு முன் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தால் பணிக்கொடை நிற்கும். எத்தனை பேருடைய பணிக்கொடையை அப்படி நிறுத்திவைத்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

இரண்டு நாள் யோசித்தேன் என்று சொன்னால் நீதிக்காக யோசித்தேன் என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. குறைதீர்ப்பாளருக்கான அந்த நகல் உண்மையில் அனுப்பப்பட்டதா, அல்லது கடிதத்தில் மட்டும் போட்டிருக்கிறாளா என்றுதான் யோசித்தேன். அனுப்பியிருப்பாள் என்று முடிவுக்கு வந்தேன். பன்னிரண்டு தாளையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவள்.

திருத்தத்துக்கு இரண்டாவது அதிகாரியின் கையெழுத்தும் வேண்டும். குறிப்பை உதவி மேலாளரிடம் நீட்டினேன். அவர் முழுதும் படித்தார்.

“மைசூர் பாக்கு நீங்க தின்னீங்க, கையெழுத்து நான் போடணுமா சார்?”

“உங்களுக்கும் இரண்டு துண்டு வந்தது.”

“எனக்குச் சக்கரை வியாதி. சும்னே என் தலைல கட்டாதீங்க.” பிறகு பேனாவை எடுத்தார். “இதை அன்னிக்கே அவ அப்பா சொன்னாரு, நான் கேட்டுட்டுத்தான் இருந்தேன். ஆயித்து, கொடி” என்று கன்னடத்தில் முடித்தார்: ஆச்சு, கொடுங்கள்.

கொடுத்தேன். போட்டார். தவணை 2009 ஜூனுக்கு நகர்ந்தது. பட்டியலிலிருந்து எண் போனது. எதிர்பார்த்தபடியே ஏப்ரலில் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது; மிகச் சரியான நடையில், நான் ஒரு காலத்தில் தயாரித்துக் கொடுத்த மாதிரிப் படிவத்திலேயே இருந்தது. பணிக்கொடை ஐந்து மாதம் நின்றது. நான் பட்டினி கிடக்கவில்லை. வீட்டில் மாடி கட்டும் வேலை தள்ளிப்போனது. என் மகன் அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில், பொறுமையாக இருங்கள் அப்பா என்றான்.

என் கடைசி வாரத்தில் அவர்கள் இருவரும் வந்தார்கள். அப்பா இன்னும் மெலிந்திருந்தார். கதவிலிருந்து மேசைக்கு வருவதற்குள் ஒருமுறை நின்றார். அவள் ஜூன் முதல் வாரம் வேலையில் சேர்ந்திருந்தாள். ஓராண்டுக்கு முன் சொன்ன சம்பளத்தில் கால்வாசி குறைத்துத்தான் எடுத்துக்கொண்டார்கள். சேர்ந்ததற்கான கடிதத்தை வைத்தாள், அதன் நகலையும் வைத்தாள்.

“நகல்ல சீல் போட்டு, தேதி போட்டுக் குடுங்க சார்.”

போட்டுக் கொடுத்தேன். முதல் தவணையைப் பணமாகவே எண்ணி வைத்தாள். இனி எண்பத்து மூன்று இருந்தன. இருபத்து மூன்று வயதில் எண்பத்து நான்கு மாதம் எவ்வளவு நீளம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வயதில் என்னிடம் ஒரு சைக்கிள் இருந்தது, கடன் எதுவும் இல்லை. கல்விக் கட்டணமாக ஆண்டுக்கு இருநூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு அரசாங்கம் என்னைப் படிக்கவைத்தது. இதை அல்சூர் விசேஷங்களில் நான் சொன்னதில்லை.

“இன்னொண்ணு சார்” என்று அவள் வைப்பு ரசீதை எடுத்துத் திருப்பி, சிவப்பு முத்திரையைக் காட்டினாள். “நாலு லட்சம் வரைக்கும் ஈடு கேக்கக் கூடாதுன்னு ரூல் இருக்குது. இத எடுத்துடுங்க.”

“நாங்கள் கேட்கவில்லையே அம்மா. அப்பாவாகத்தான் போட்டார்.”

அப்பா தன் கையிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்க ஒரு தைரியம்னு சொன்னீங்களே சார்” என்றார், இரண்டு மூச்சில்.

உதவி மேலாளர் இந்த முறை பேனாவைக் கீழே வைக்கவில்லை. நேராக எழுந்து வந்து, ரத்து முத்திரையை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

சிவப்பின்மேல் நீலத்தில் ரத்து என்று அடித்துக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கிளையில் நான் போட்ட கடைசிக் கையெழுத்து அதுதானா என்று நிச்சயமாகத் தெரியாது. சம்பளப் பட்டியலில் ஏதாவது போட்டிருப்பேன். அவள் மை காயும்வரை ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை மறுபடியும் என்னிடமே நீட்டினாள்.

“இப்போ குளோஸ் பண்ணிடுங்க சார்.”

முதிர்வுக்கு முன் முடித்தால் வட்டி குறையும் என்றேன். தெரியும் என்றாள். எவ்வளவு குறையும் என்பதையும், ரூபாய் பைசாவோடு, அவளே சொன்னாள். நான் அலுவலகக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

இனிப்பு எதுவும் கொண்டுவரவில்லை. பணத்தைத் துணிப்பையில் வைத்து, அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். என் இருக்கையிலிருந்து தெரு தெரியும். ஒரு பேருந்துக்கும் இரண்டு ஸ்கூட்டருக்கும் வழிவிட்டு நின்று, அவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்து, இருவரும் எதிர்ப்பக்கத்து வங்கிக்குள் போனார்கள். அங்கே எழுந்து நின்று நாற்காலி போட்டிருப்பார்கள். வைப்பு போட வருபவர்களை நாங்களும் அப்படித்தான் உட்காரவைப்போம்.